பின்னால் நடந்த கரடி

அன்று நாவல் குட்டைக் கரையில் இருந்தவர்கள் இவர்கள்: மட்டக்குதிரைக் குட்டிகள் இரண்டு, கரடி ஒன்று, பெரிய ஆமைகள் இருபத்தாறு, ஆமைக்குஞ்சுகள் எட்டு, உடும்பு ஒன்று. சேற்றுக்குள் தவளைகளும் இருந்தன. அவை வெளியே வராததால் எண்ண முடியவில்லை.

குட்டை வற்றிக்கொண்டிருந்தது. ஆமையின் ஓடு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். பொட்டலுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடியது. வெயிலில் அந்தப் பொட்டல் தோசைக்கல் மாதிரி காயும். ஆமை நடந்து பாதி தூரம் போவதற்குள் ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும்.

கரையில் விறகு வெட்டுகிறவர்கள் விட்டுப்போன சின்ன வண்டி ஒன்று கிடந்தது. கூடவே பழைய தோல் வார்களும் கிடந்தன.

"இதுல ஏறிப் போயிட்டா பிழைச்சுக்குவோம்" என்றது பாசி என்ற தாய் ஆமை.

முதலில் கரடி இழுத்துப் பார்த்தது. அதற்கு வலது முன்கால் கோணல். வண்டி ஆற்றுப் பக்கம் போகாமல் கரையிலேயே வட்டமடித்தது. பிறகு எல்லாக் கண்களும் மட்டக்குதிரைக் குட்டிகளின் பக்கம் திரும்பின.

அக்கா பெயர் செம்பி. தம்பி பெயர் மொச்சை. இரண்டும் ஓர் ஆட்டுக்கிடா உயரம்தான். ஆனால் மார்பு அகலம், கால் கெட்டி.

"நாங்க இழுக்கிறோம்!" என்று மொச்சை துள்ளியது.

"யார் பழக்குவாங்க?" என்று செம்பி கேட்டது.

"நான்" என்றது கரடி. அதன் பெயர் கடம்பன். அது அதிகம் பேசாது. நாலு பேர் தன்னைப் பார்த்தால் தரையைப் பார்க்கும்.

பழக்கம் தொடங்கியது. ஆனால் கடம்பன் வண்டியின் பக்கமே போகவில்லை. முதலில் குட்டிகளின் முதுகில் ஒரு வாரை மட்டும் போட்டது. அவை அதை மறந்து புல் மேயும்வரை காத்திருந்தது. பிறகு, "போதும். நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது.

அடுத்து ஒரு மரக்கட்டையில் காய்ந்த கொன்றைக் காய்களைக் கட்டி, அதைக் குட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. கடகடவென்று சத்தம். குட்டிகள் மிரண்டால் கடம்பன் நின்றுவிடும். அவை மூச்சு வாங்கி அடங்கியதும் மறுபடி இழுக்கும்.

அதற்குப் பிறகு கடிவாளம் வந்தது. நீளமான வார்களைப் பிடித்துக்கொண்டு கடம்பன் பின்னாலேயே நடந்தது. "ஓ... ஓ..." என்றால் நிற்க வேண்டும். நின்றால் ஆளுக்கு ஓர் இலந்தைப் பழம்.

கடைசியாக, கண்ணின் ஓரத்தை மறைக்கும் தோல் பட்டைகளை இரண்டுக்கும் கட்டியது. இப்போது முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும்.

செம்பிக்கு உள்ளுக்குள் உறுத்த ஆரம்பித்தது.

"டேய் மொச்சை, இந்தக் கரடியைக் கவனிச்சியா? எப்பப் பார்த்தாலும் நம்ம பின்னாடியே வருது."

"முன்னாடி வந்தா அதோட பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே நடக்கணும் அக்கா. அதுக்கு இதே தேவலை!"

"சிரிக்காதடா. பின்னாடி வர்றது எதுன்னு யோசி. புலி பின்னாடிதான் வரும். செந்நாய் பின்னாடிதான் வரும். இதுவும் பின்னாடி வருது. இப்ப திரும்பிப் பார்க்க முடியாதபடி கண்ணையும் கட்டிருச்சு. ஏன்?"

"கேட்டாப் போச்சு."

"கேட்டா உண்மையைச் சொல்லுமா?"

மொச்சை காதை ஆட்டிவிட்டு மேயப் போய்விட்டது. செம்பிக்குப் புல் இறங்கவில்லை. இலந்தைப் பழத்தின்மேல்கூடச் சந்தேகம் வந்தது. கொழுக்க வைக்கத்தான் கொடுக்கிறதோ? கடம்பனிடம் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் போகும். அதன் நகங்களைப் பார்த்ததும் திரும்பிவிடும்.

புதரோரம் படுத்திருந்த உடும்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பாப்பா, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லை மாமா."

"ஒண்ணுமில்லைன்னா நல்லது. நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று உடும்பு கண்ணை மூடிக்கொண்டது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ஆனா ஒண்ணு. கண்ணை மறைக்கிறவன்கிட்ட மறைக்க ஏதோ இருக்கும்."

செம்பி நெருங்கி வந்தது. "நானும் அதைத்தான் நினைச்சேன் மாமா! இத்தனை நாளா வண்டியில பூட்டவே இல்லை. ஏன்?"

"நீங்க ஓடிப் பழகிட்டா அதுக்கு உங்களைப் பிடிக்க முடியுமா? கோணக்காலாச்சே! அதான் நடை, நடைன்னு நடக்க வச்சே வளர்க்குது. தண்ணி வேற வத்திக்கிட்டு வருது. பாவம் ஆமைங்க!"

"இப்ப நான் என்ன செய்ய?"

"நான் சொன்னேன்னு சொல்லாதே. மத்தியானம் அது கறையான் புத்து தோண்டப் போகும். அந்த நேரம் நீங்களே பூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. வாரை நான் முடிச்சுப் போட்டுத் தர்றேன். முதல்ல குஞ்சுகளை ஏத்து. பாரம் லேசா இருக்கும்." உடும்பு பிளந்த நாக்கை நீட்டி உதட்டைத் துடைத்தது. "அந்தக் கண் பட்டையை மட்டும் கழற்றிப் போட்டிரு. உனக்கு நாலு பக்கமும் தெரியட்டும்."

மறுநாள் மத்தியானம் கடம்பன் புற்று தோண்டப் போனது. செம்பி வண்டிக்கு முன்னால் போய் நின்றது. மொச்சை தயங்கியது.

"கரடியண்ணன் வரட்டுமே அக்கா."

"நான் உன் அக்காவா, அந்தக் கரடி உன் அக்காவா? வந்து நில்லு!"

மொச்சை வந்து நின்றது. உடும்பு இரண்டின் கண் பட்டைகளையும் கழற்றி எறிந்தது. வார்களை நகத்தால் இழுத்து முடிச்சுப் போட்டது. குஞ்சுகள் வண்டியில் சாய்த்து வைத்த பலகை வழியே ஒவ்வொன்றாக ஏறின.

பாசி கழுத்தை நீட்டியது. "கடம்பன் எங்கே?"

"அவர்தான் போகச் சொன்னார்" என்று செம்பி சொல்லிவிட்டது. அது பொய். பாசி குதிரையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குட்டைத் தண்ணீரைப் பார்த்தது. வேறு வழி இல்லாததால் பலகையை விட்டு விலகி நின்றது.

வண்டி கிளம்பியது. பொட்டலில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. "பார்த்தியாடா, எவ்வளவு சுலபம்!" என்று சொல்லிக்கொண்டே செம்பி தம்பியின் பக்கம் தலையைத் திருப்பியது.

அப்போதுதான் சக்கரத்தைப் பார்த்தது.

பெரிதாக, உருண்டையாக ஏதோ ஒன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அது சுற்றியது. அது முனகியது. செம்பி வேகமாக நடந்தது. அதுவும் வேகமாக வந்தது. செம்பி ஓடியது. அதுவும் ஓடி வந்தது!

"மொச்சை, துரத்துதுடா! ஓடு!"

மொச்சையும் திரும்பிப் பார்த்து அலறியது. இரண்டும் ஆற்று வழியை விட்டுக் கண்மண் தெரியாமல் ஓடின. வண்டி கல்லில் மோதி எகிறியது. ஒரு குஞ்சு விழுந்தது. மறுபடி எகிறியது. இன்னும் இரண்டு விழுந்தன. உடும்பு தடத்தோடு ஊர்ந்து வந்தது. அதற்கு அவசரமே இல்லை.

எதிரே பொட்டல் முடிந்து பெரிய பள்ளம் தொடங்கியது. குட்டிகளுக்கு அது தெரியவில்லை. பின்னால் வருவதுதான் தெரிந்தது.

புற்று அந்த வழியில்தான் இருந்தது. மண் அப்பிய மூக்கோடு கடம்பன் நிமிர்ந்தது. வண்டி அதைத் தாண்டிப் பறந்தது. கடம்பன் குறுக்கே பாயவில்லை. பாய்ந்தால் இன்னும் மிரளும் என்று அதற்குத் தெரியும். இருந்த இடத்தில் நின்று, என்றும் சொல்கிற குரலில் சொன்னது:

"ஓ... ஓ..."

பின்னாலிருந்து வந்த குரல். தினமும் பின்னாலிருந்து வந்த அதே குரல். செம்பி யோசிப்பதற்கு முன்பே அதன் கால்கள் நின்றுவிட்டன. மொச்சையின் கால்களும் நின்றன. பள்ளத்தின் விளிம்பில் ஒரு கல் உருண்டு கீழே போனது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்க நேரமாயிற்று.

கடம்பன் நொண்டிக்கொண்டு வந்து வண்டிக்குள் பார்த்தது. ஐந்து குஞ்சுகள் இருந்தன. பிறகு வண்டி வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தது. தூரத்தில் உடும்பின் வால் ஒரு பொந்துக்குள் மறைந்தது.

"ஏன் கண்ணைக் கட்டினீங்க?" என்று செம்பி அப்போதுதான் கேட்டது.

"சக்கரத்தைப் பார்த்தா மிரளுவே. அதுக்கு."

"ஏன் பின்னாடியே வந்தீங்க?"

"வண்டி பின்னாடிதானே வரும்? பின்னாடி வர்றதெல்லாம் கடிக்காதுன்னு நீ முதல்ல பழகணும். வண்டிக்குப் பதிலா நான் வந்தேன்."

"ஏன் இத்தனை நாள்?"

கடம்பன் தன் மூக்கைக் காட்டியது. கயிறு போட்ட ஓட்டை அதில் இருந்தது. "எனக்கு ஒரு வித்தைக்காரன் ஒரே நாள்ல ஆடக் கத்துக் கொடுத்தான். அன்னைக்குத்தான் இந்தக் கால் கோணலாச்சு."

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று செம்பி அழுதது.

"நீ கேக்கலை" என்றது கடம்பன். பிறகு தரையைப் பார்த்தது. "எனக்கும் சொல்லத் தோணலை."

குட்டைக்குத் திரும்பியதும் செம்பி பாசியின் முன்னால் தலையைக் குனிந்து, தான் சொன்ன பொய்யைச் சொன்னது. பாசி திட்டவில்லை. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.

மறுபடி பழக்கம் நடந்தது. முதலில் கட்டை. அடுத்து வெறும் வண்டி. அதற்குப் பிறகு கல் ஏற்றிய வண்டி. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் செம்பி, "இது எதுக்கு?" என்று கேட்டது. கடம்பனும் முணுமுணுப்பாகப் பதில் சொன்னது. குட்டையில் சேறு மட்டும் மிஞ்சிய நாளில் இரண்டு குட்டிகளும் கண் பட்டையோடு வண்டியில் பூட்டப்பட்டு நின்றன.

பாசி பலகையில் கால் வைக்காமல் நின்றது. "நீதான் இழுக்கப் போறியா?"

"ஆமா அத்தை."

"கரடி பின்னாடி வருமா?"

"வரும்."

"அது வாயால சொல்லட்டும்."

"வர்றேன்" என்றது கடம்பன்.

பாசி ஏறியது. மற்ற ஆமைகளும் பிழைத்த குஞ்சுகளும் பல நடையாக ஆற்றில் போய் இறங்கின. ஒவ்வொரு நடைக்கும் வண்டி குஞ்சுகள் விழுந்த அந்தத் தடத்தைத்தான் கடந்தது. ஒவ்வொரு முறையும் செம்பி அங்கே வந்ததும் நடையைக் குறைத்துக்கொண்டது.

ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அதை அவரிடமே கேட்டுவிட வேண்டும். செம்பி அதை உடும்பிடம் போய்க் கேட்டதால் பொட்டலில் மிஞ்சியவை மூன்று வெற்று ஓடுகள்.