அடைத்த சன்னலும் கோணல் அம்பும்

மழைக்குப் பஞ்சமில்லாத ஏழாற்று நாட்டை முன்னொரு காலத்தில் செங்கதிர்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ, அவர்கள் சொன்னதே சரி என்று நினைக்கிறவன்.

அன்றைக்கு அவனுக்குத் தலை சுற்றியது. அரண்மனை அம்புப் பட்டறையில் தினம் முந்நூறு அம்பு ஆகும். இப்போது நூறுகூட ஆகவில்லை. அதிலும் பாதி கோணல்.

"ஆளுக்கொரு காவல் போட்டேன். வேடிக்கை பார்க்கிறார்கள் என்றீர், சன்னலையெல்லாம் சுவர் வைத்து அடைத்தேன். அப்புறமும் ஏனய்யா குறைகிறது?" என்று சபையில் கேட்டான் ராஜா.

"சோம்பேறிகள் மன்னா!" என்றார் பிரதானி பூபாலர். மந்திரி அறவாழியின் பெயரைக் கேட்டாலே வயிறெரிகிறவர் அவர். "ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சன்னலையே பார்த்தார்களே, அது அரைத் தூக்கம். பட்டறைத் தலைவன் சூரப்பனை நாடு கடத்துங்கள். மற்றவனெல்லாம் தானாக வேலை செய்வான்."

சூரப்பன் கைகட்டி நின்றான். ராஜா தலையசைத்தால், பெண்டாட்டி பிள்ளைகளோடு நாளைக்கே எல்லை தாண்ட வேண்டும். 'தாயே, நீதான் துணை' என்று அவன் உதடு மட்டும் அசைந்தது.

ராஜாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒன்றும் புரியாமல் மந்திரியைப் பார்த்தான்.

"தாராளமாக நாடு கடத்தலாம் மன்னா," என்றார் அறவாழி. ராஜா இன்னும் குழம்பிப்போனான். "அதற்கு முன் பூபாலர் பட்டறைக்குள் உட்கார்ந்து, நேரான அம்பாக மூன்று பொறுக்கி வரட்டும். தாங்கள் எய்யுங்கள். நேராகப் போனால் குற்றம் ஆளுடையதுதான்."

"இதென்ன பிரமாதம்!" என்று போன பூபாலர், வியர்வையும் இருமலுமாகத் திரும்பி வந்தார். ராஜா வில்லை எடுத்தான்.

"பொறுக்கியவர் இலக்குக்கு ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். தாமே பார்த்தெடுத்த அம்பு, பயமென்ன?" என்றார் மந்திரி.

பூபாலர் ஓடிவந்து ராஜாவின் காலைப் பிடித்தார். "ஐயோ மன்னா! உள்ளே ஒரே இருட்டு. மூங்கில் வாட்டுகிற புகையில் கண்ணே திறக்க முடியவில்லை. கைக்கு வந்ததை எடுத்தேன். சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் கோணல் பார்த்து எடுத்து வருகிறேன்!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"அப்போ... அவர்கள் தூங்கவில்லையா?"

"வேலை பார்த்தார்கள் மன்னா," என்றார் அறவாழி.

ராஜா மெல்ல வில்லைக் கீழே வைத்தான். பூபாலரே கடப்பாரை பிடித்துச் சுவரை இடிக்க வேண்டும், காவலாளிகள் இனி பட்டறைக்கு மோர் சுமக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டுவிட்டு, சூரப்பனிடம் வந்தான்.

"இருட்டு, புகை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அப்பா?"

"தினம் கூவினோம் சாமி. சன்னலைத்தான் அடைச்சுட்டீங்களே, எப்படி வெளியே கேட்கும்?"