பூவாயி நிக்கிற மாதிரி

மெட்ராஸ்னு ஒரு பெரிய ஊர்ல பச்சையம்மான்னு ஒருத்தி இருந்தா. அவ வேலை என்ன தெரியுமா கண்ணு? அசையாம இருக்கிறது.

அதெல்லாம் ஒரு வேலையான்னு பாக்காத. அவ வேலைக்குப் போறது, படம் வரையக் கத்துக்குடுக்கிற ஒரு காலேஜுக்கு. நடுவுல ஒரு மேடை, சுத்தி பிள்ளைங்க. பச்சையம்மா ஒரு நாள் மேடையில நிப்பா, ஒரு நாள் உக்காருவா, ஒரு நாள் தலைக்குக் கை வச்சுப் படுத்திருப்பா. அதைப் பாத்துப் பாத்து அவங்க வரைவாங்க. ஈ ஒண்ணு ஞொய்ய்னு மூக்கு மேல வந்து உக்காந்தாலும் ஓட்டக் கூடாது. கால் மரத்துப்போகும், இடுப்பு விண்ணு விண்ணுனு தெறிக்கும், அசைய மாட்டா. ம் சொல்லு.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பூவாயின்னு. இருபது வயசு. காது நல்லாக் கேக்கும், பேச்சு மட்டும் வராது. எழுதப் படிக்கவும் தெரியாது. அப்பா அம்மா இல்லாத பொண்ணுங்க, அவளுக்கு இவ, இவளுக்கு அவ. ஒரு நாள் ரெண்டு பேரும் திருப்பதிக்கு ரயில் ஏறினாங்க. நடுவுல ஏதோ ஒரு ஸ்டேஷன்ல வண்டி நின்னுது. "இங்கயே இருடி, தண்ணி புடிச்சிட்டு வரேன்"னு பச்சையம்மா எறங்கினா. குழாய்ல தண்ணி சொர்ருனு விழுது. அப்போ பின்னால கூ...னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்குறதுக்குள்ள வண்டி கடக் கடக், கடக் கடக்னு நகந்துடுச்சு. பச்சையம்மா ஓடினா, ஓடினா. ஜன்னல்ல தங்கச்சி கை மட்டும் தெரிஞ்சுது.

அப்புறம் அடுத்த வண்டியப் புடிச்சு ஒவ்வொரு ஸ்டேஷனாத் தேடினா. எங்கயும் இல்ல. போலீஸ்காரர் கேட்டார், "போட்டோ இருக்காம்மா?"

"எடுத்ததே இல்லீங்க."

"அடையாளம் சொல்லு."

"மாநிறம். ஒல்லியா இருப்பா. ரெட்டைப் பின்னல்."

அவரும் எழுதிக்கிட்டார். "இந்த மாதிரி எத்தனையோ பொண்ணுங்க இருக்காங்களேம்மா"ன்னார்.

திரும்பி வந்து வேலைக்குப் போனா. சோறு வடிக்கும்போது ரெண்டு பேருக்கு அரிசி போட்டுடுவா, அப்புறம் பானையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா.

காலேஜ்ல நஸ்ரின்னு ஒரு பொண்ணு படிச்சுது. அவகிட்ட பச்சையம்மா, "நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சிய வரைஞ்சு குடுப்பியா?"ன்னு கேட்டா. நஸ்ரின் யோசிச்சா. "நான் வரைஞ்சா அது வேற யாராவதா ஆயிடும்க்கா. பாத்தவங்க நீங்கதானே. நீங்க வரைங்க, நான் கூட இருக்கேன்"னு கரித்துண்டை எடுத்து அவ கையில வச்சா.

மொதல்ல நிக்கிற மாதிரி வரைஞ்சா. கம்பம் நட்ட மாதிரி வந்துது. கிழிச்சுப் போட்டா, சர்ருனு. அப்புறம் உக்காந்திருக்கிற மாதிரி வரைஞ்சா. அது அரிசி மூட்டை மாதிரி பொத்துனு உக்காந்துது. அதையும் கிழிச்சா. ஒவ்வொரு நாளும் வரைவா, கிழிப்பா. இப்படியே ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. கை, கால், முட்டி எல்லாம் சரியா வருது, பூவாயி மட்டும் வரல.

தூங்கிட்டியா? ...ம்.

அப்போ நஸ்ரின் சொன்னா, "மூஞ்சிய விடுங்கக்கா. அவங்க நின்னா பாரம் எந்தக் கால்ல எறங்கும்?"

பச்சையம்மா எழுந்து நின்னா. பூவாயி அடுப்படியில எப்படி நிப்பான்னு நின்னு பாத்தா. வலது கால்ல பாரம், அதுமேல இடது பாதத்தைத் தூக்கி வச்சுப்பா. இடுப்பு ஒரு பக்கம் ஒடிஞ்சிருக்கும். ஒரு கை முதுகுக்குப் பின்னால போய் இன்னொரு முழங்கையைப் புடிச்சிருக்கும். அப்படியே ரொம்ப நேரம் நின்னா. எந்த எலும்பு வலிக்குதுன்னு தெரியுற வரைக்கும் நின்னா. அப்புறம் உக்காந்து சரக் சரக்னு வரைஞ்சா. முடிச்சிட்டுப் பாத்தவ, "வந்துட்டியாடி"ன்னு மெதுவாக் கேட்டா.

அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து, ரயில்ல சாமான் விக்கிறவங்க எல்லார்கிட்டயும் குடுத்தா. கடலைக்காரர் இல்லன்னார். பூட்டு சாவி விக்கிறவர் இல்லன்னார். மூணாவதா, கொய்யாப்பழம் விக்கிற அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மூஞ்சி தெரியலம்மா. ஆனா நெல்லூர் ஸ்டேஷன் வாசல்ல, பூக்கடையில ஒரு பொண்ணு இப்படித்தான் நிக்கும்"னாங்க.

பச்சையம்மா போனா. பூக்கடை, அங்க ஒருத்தி முதுகக் காட்டி நிக்கிறா. கால் மேல கால். கிட்டப் போய்த் தோளைத் தொட்டா. பூவாயி திரும்பினா. பாத்தா. அக்கா தோள்ல பட்டு பட்டுனு ரெண்டு அடி வச்சா. அப்புறம்தான் கட்டிக்கிட்டா.

அக்காவத் தேடி ஏதோ வண்டி மாறி ஏறி அங்க வந்து எறங்கினவள, அந்தக் கடைப் பூக்காரம்மாதான் வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு, தன் புள்ளைக்கே கட்டியும் வச்சிருந்தாங்க. உள்ள தொட்டில்ல மூணு மாசக் குழந்தை.

"வீட்டுக்கு வரியாடி?"ன்னு அக்கா கேட்டா. பூவாயி தொட்டிலைப் பாத்தா, பூக்கட்டுற புருஷனைப் பாத்தா. அக்கா கையை எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டு, இல்லன்னு தலையாட்டினா.

பச்சையம்மா ஒரு வாரம் இருந்தா. பூவாயி தூங்குறது, தலை வாருறது, குழந்தைக்குப் பால் குடுக்கிறது, எல்லாத்தையும் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்துட்டா. அவளுக்கும் இங்க பொழப்பு இருக்கே. வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடியும்.

மத்த நாளெல்லாம் குழந்தை இப்போ எவ்வளவு வளந்திருக்கும்னு நெனச்சு நெனச்சு வரைவா. குப்புற விழற மாதிரி. தவழுற மாதிரி. செவுத்தப் புடிச்சு நிக்கிற மாதிரி. அடுத்த வருஷம் அதையெல்லாம் சுருட்டி எடுத்துக்கிட்டு நெல்லூர் போய் எறங்கினா, அது குடுகுடுன்னு அவகிட்ட ஓடி வருது. ஓடுற மாதிரி ஒண்ணுகூட அவ வரைஞ்சிருக்கல.

அவ்ளோதான் கண்ணு, கதை ஊர் போய்ச் சேந்துடுச்சு. நீயும் கண்ண மூடிக்கோ.