பஸ் கம்பெனி முதலாளியின் கிரீடம்

மாணவருக்கு அறுபத்தொரு வயது. ஆசிரியைக்கு முப்பத்து நான்கு.

மாணவர் பெயர் அங்கமுத்து. ஆத்தூர்ப் பக்கத்து நாடகக் குழு ஒன்றில் இருபத்தெட்டு வருடமாக ஒரே நாடகத்தில் ஒரே ராஜா. பொய்யை நம்பித் தம்பியை நாடு கடத்துகிற ராஜா. கடைசிக் காட்சியில் தம்பி கந்தல் உடையோடு திரும்பி வந்து நிற்பான். உண்மை தெரிந்துபோன ராஜா கிரீடத்தைக் கழற்றி அவன் காலடியில் வைப்பார். கைதட்டல் அடங்கும் வரை அங்கமுத்து அப்படியே அசையாமல் நிற்பார்.

ஆசிரியை பொற்கொடி. பழைய மேடை நாடகங்களை இந்தக் காலத்து உடையில் தொலைக்காட்சிக்கு எடுப்பவர். போன வருடம் ஒரு ராணியைத் தலைமையாசிரியை ஆக்கினார். இந்த வருடம் அங்கமுத்துவின் ராஜாவை பஸ் கம்பெனி முதலாளி ஆக்கியிருந்தார். தம்பி அதே கம்பெனியில் டிரைவர். டீசல் திருடினான் என்று விரட்டப்பட்டவன்.

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தைச் சொல்லிக் கொடுப்பவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் அவர்தான் வாத்தியார். ஒத்திகையின் முதல் நாளே அங்கமுத்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார்.

“என்னங்கய்யா இது? நான் உங்க பொண்ணு வயசு.”

“வயசுக்கு இல்லீங்க வாத்தியாரம்மா. பாடத்துக்கு.”

பொற்கொடி தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டார் அங்கமுத்து.

“மைக் உங்க சட்டைக்குள்ளயே இருக்குங்கய்யா. கடைசி வரிசைக்குக் கேக்க வேண்டாம்.”

“இவ்வளவு மெதுவாப் பேசினா எனக்கே கேக்க மாட்டேங்குதே!”

முதுகைக் காட்டி நிற்கவும் கற்றுக்கொண்டார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சபைக்கு முதுகு காட்டியதே இல்லை அவர்.

நான்காம் நாள் படப்பிடிப்பு. பஸ் ஷெட் அன்று ஒரு நாள்தான் கிடைத்தது. அதனால் கடைசிக் காட்சியை முதலில் எடுத்தார்கள். ஐந்து மணிக்குப் பஸ்கள் திரும்பி வந்துவிடும். அதற்குள் முடியாவிட்டால் ராஜா வேடம் கைமாறும். சீரியல்களில் அப்பாவாக வருகிற ஒருவரிடம் சேனல்காரர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அது அங்கமுத்துவுக்கும் தெரியும்.

அவருடைய நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஒரு தடம் உண்டு. இந்தக் காதோரப் பொட்டிலிருந்து அந்தக் காதோரப் பொட்டு வரை, கிரீடத்தின் விளிம்பு அழுத்தி அழுத்திப் பதிந்த தடம். மேக்கப் டேவிட் அதைப் பவுடர் போட்டு மூடினார்.

“கேமராவுல பளிச்சுன்னு தெரியும் பெரியவரே.”

அங்கமுத்து வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டையில் வந்து நின்றார். தம்பியாக நடிப்பவர் எதிரே வந்தார். அங்கமுத்துவின் கண் கலங்கியது. இரண்டு கையையும் தலைக்கு உயர்த்தினார். அங்கே இல்லாத ஒன்றை இருபுறமும் பிடித்தார். மெல்லத் தூக்கினார். குனிந்து, அடிபடாமல், தம்பியின் காலடியில் வைத்தார். பிறகு அசையாமல் நின்றார்.

லைட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“முதலாளி விக்கைக் கழட்டிட்டாருடா!”

ஷெட்டே சிரித்தது.

இரண்டாவது முறை கைகளை வேட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவை தாமாகவே தோள் வரை எழும்பித் திரும்பின. மூன்றாவது முறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“கட்” என்றார் பொற்கொடி. “எல்லாரும் டீ குடிங்க.”

அங்கமுத்து தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, பழுதாகி நின்ற பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பொற்கொடி இரண்டு டம்ளர் டீயோடு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாலரை பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேங்க. அந்தச் சீரியல்காரரையே கூப்பிட்டுக்குங்க. அவருக்குத் தலையில ஒண்ணுமில்லாமப் பழக்கம்.”

“சரிங்கய்யா. போறதுக்கு முன்னாடி ஏதாவது கேக்கணுமா?”

அங்கமுத்து ஜன்னல் வழியே பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு. கிரீடமே இல்லாத ராஜா எதைக் கழட்டுவான்?”

பொற்கொடி அவர் மடியிலிருந்த துணிப்பையைப் பார்த்தார்.

“பையில என்னங்கய்யா?”

அங்கமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. “அதான். சும்மா துணைக்கு இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்.”

“குடுங்க.”

தகரத்தில் கண்ணாடிக் கற்கள் பதித்த கிரீடம். உள்ளே பழைய துணி சுற்றியிருந்தது. பொற்கொடி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் தலையில் வைத்தார். புருவம் வரை இறங்கியது. டீ டம்ளரை எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்ததும் கிரீடம் நழுவியது.

அங்கமுத்து சட்டென்று பிடித்தார். “தலையை அண்ணாக்கக் கூடாதுங்க! டம்ளரைத்தான் உசத்தணும்.”

“இப்படிங்களா?”

“முதுகு நிமிரட்டும். ம். இப்போ குடிங்க.”

வெளியே யாரோ பார்த்துவிட்டார்கள். “டேய், இங்க பாருங்கடா, நம்ம டைரக்டர் மகாராணி!” ஜன்னலோரம் ஆட்கள் கூடினார்கள். இந்த முறை அங்கமுத்துவும் சிரித்தார். பொற்கொடி அசரவில்லை. கடைசிச் சொட்டு வரை டீயைக் குடித்து முடித்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்து, உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அப்பாடா!”

“ஒரு டீ குடிக்கறதுக்குள்ளவே அப்பாடாவா?” என்றார் அங்கமுத்து. “நாங்க விடிய விடிய வெச்சிருக்கோம்.”

“கழட்டினதும் என்ன பண்ணுவீங்க?”

“தம்பி காலடியில வெச்சுட்டு நிப்பேன். நீங்கதான் பார்த்திருக்கீங்களே.”

“அதைப் பார்த்திருக்கேன். திரை விழுந்தப்புறம்?”

அங்கமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய வலக்கை எழுந்தது. இரண்டு விரல்கள் ஒரு பொட்டில் தொடங்கி, நெற்றியின் குறுக்கே மெதுவாகப் போய், மறு பொட்டில் நின்றன. விரல் நுனியில் பவுடர் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொற்கொடி ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். “டேவிட் அண்ணே, ஒரு ஈரத்துண்டு கொண்டாங்க.”

துண்டு வந்தது. அங்கமுத்துவின் நெற்றியைப் பொற்கொடியே துடைத்தார்.

“தடம் தெரியுமேங்க மேடம்” என்றார் டேவிட்.

“தெரியட்டும்ணே.”

நாலே முக்காலுக்கு மறுபடி விளக்குகள் எரிந்தன. தம்பி எதிரே வந்து நின்றார். அங்கமுத்து கைகளை உயர்த்தவில்லை. தம்பியைப் பார்த்தார். பார்த்தபடியே பஸ் படிக்கட்டில் உட்கார்ந்தார். இப்போது தம்பி உயரமாகவும் அவர் தாழ்வாகவும் இருந்தார்கள். இரண்டு விரல்கள் நெற்றிக்குப் போயின. தடத்தின் மேலேயே, அவசரமில்லாமல், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. பிறகு கை மடியில் விழுந்தது. வசனத்தை மைக்குக்கு மட்டும் கேட்கிற அளவில் சொன்னார்.

சொல்லி முடித்துவிட்டுப் பழக்கத்தில் காத்திருந்தார். கைதட்டல் வரவில்லை. லைட்டுக்குப் பக்கத்தில், விக்கைப் பற்றிப் பேசியவர் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

வாசலில் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“கட்” என்றார் பொற்கொடி. “இதுதாங்கய்யா. இது போதும்.”

ஆட்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அங்கமுத்து வந்தார். துணிப்பையை இரண்டு கையாலும் நீட்டினார், முதல் நாள் வெற்றிலைத் தட்டை நீட்டியதைப் போலவே.

“இதை நீங்களே வெச்சுக்குங்க வாத்தியாரம்மா. இனிமே எனக்கு எதுக்கு?”

பொற்கொடி பையை வாங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை தலைவாசல் ஊர்ல நாடகம்னு சொன்னீங்களே?”

“ஆமாங்க. வரலேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“போயிட்டு வாங்கய்யா. புதன்கிழமை நமக்கு இன்னும் ரெண்டு சீன் பாக்கி இருக்கு. அதுக்குள்ள தடம் மங்கிடக் கூடாது.”