வஜ்ஜிரவேலுவின் மீசை

ஹவில்தார் வஜ்ஜிரவேலு வாயைத் திறந்ததாலேயே பேத்திக்கு வந்த இரண்டு நல்ல சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. இன்றைக்கு மூன்றாவது இடம் பெண் பார்க்க வருகிறது. மகன் தணிகாசலம் காலையிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

“நைனா, உன் பட்டாளத்துக் கதை ஒண்ணும் வேணாம். நான் இருமினா வாயை மூடிக்கணும், ஆமா.”

“நான் இன்னாத்துக்குடா பேசப் போறேன்?” என்றார் எண்பது தாண்டிய கிழவர், முறுக்கு மீசையைத் தடவியபடி.

வந்தவர்கள் நல்லபடியாகத்தான் பேச ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புனிதவதி பள்ளிக்கூட டீச்சர். அவள் பார்வை பட்டால் வீட்டுப்பாடம் எழுதியவனும் நடுங்குவான். ஒரு பக்கத்தில் மாப்பிள்ளை. மறுபக்கத்தில் அவள் மாமனார் மாசிலாமணி, கன்னம் புடைக்க வெற்றிலையை அதக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். கிழவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், நமக்கும் வாய்த்திருக்கிறதே என்று தணிகாசலம் பெருமூச்சு விட்டான்.

“எங்க மாமாவும் மிலிட்டரிதான்,” என்றாள் புனிதவதி.

போதாதா? வஜ்ஜிரவேலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தக் காலத்து ரயிலு உங்களுக்குத் தெரியாததா? லீவு முடிஞ்சு காட்பாடியில ஏறும்போது நான் வெறும் சிப்பாய். பார்டர்ல எறங்கும்போது ஹவில்தார்! அவ்ளோ மெதுவு. புரமோஷன் எல்லாம் வழியிலேயே வந்துடுச்சு.”

தணிகாசலம் இருமினான்.

“பார்த்தீங்களா? இவன் இருமலு கூட அந்தப் பனியாலதான். நான் பட்ட குளிரு ரத்தத்துல எறங்கி இவனுக்கு வந்துடுச்சு. அங்க ஒரு நாளு டெலிபோன் லைன் அறுந்துபோச்சு. ஒட்டுப்போட ஒயர் இல்ல. என் மீசை குளிருல கம்பியாட்டம் நிக்குது. இந்த முனையில ஒரு ஒயரு, அந்த முனையில ஒரு ஒயரு. முறுக்கி விட்டேன். பெரிய ஆபீசர் பேசினது பூரா என் மூக்கு வழியாத்தான் போச்சு. இன்னிக்கும் எனக்குத் தும்மலு இந்தியிலதான் வரும்!”

“பட்டாளத்துலயே இருந்தா குடும்பத்தை யாரு பார்த்தது?” புனிதவதியின் குரலில் பிரம்பு தெரிந்தது.

“நான்தான்! லீவுல வந்தா காலையில கெணறு வெட்டுவேன். மத்தியானம் அந்தத் தண்ணியில நெல்லு வெளைஞ்சுடும். சாயங்காலம் புள்ளைங்கள ஒரு வருசத்துக்கும் சேர்த்துக் கொஞ்சிட்டு ரயிலேறுவேன். இவங்கம்மா போட்டுக் குடுத்த மாங்கா ஊறுகாயை மலை மேல தொறந்தேன் பாருங்க, எதிரி துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு, தட்டோட வந்து வரிசையில நிக்கறான்!”

இருமி இருமித் தணிகாசலத்துக்குத் தொண்டையே கிழிந்துவிடும் போலிருந்தது. அறைக் கதவோரம் மகள் பிரதீபா எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அதைப் பார்த்ததும் தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது.

புனிதவதி சுவரிலிருந்த போட்டோவைக் காட்டினாள். அதில் பட்டாளத்து உடுப்பில் இளம் வஜ்ஜிரவேலு. மேலுதடு மொழுமொழுவென்று இருந்தது.

“இதுல மீசையைக் காணோமே, பெரியவரே?”

வஜ்ஜிரவேலு வாயைத் திறந்தார், மூடினார். பேத்தியின் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாசிலாமணி எழுந்து வாசலுக்குப் போய், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“மாமா, வேணாம்! சத்தியம் பண்ணியிருக்கீங்க!” என்று அலறினாள் புனிதவதி.

“உண்மையைச் சொல்லாம எப்படிம்மா இருக்கறது? அந்தப் போட்டோ எடுத்த அன்னிக்கு அவரு மீசை லீவுல ஊருக்குப் போயிருந்துச்சு. லீவு பாஸ்ல கையெழுத்துப் போட்டவனே நான்தான். போன்ல அந்தப் பக்கம் பேசினவனும் நான்தான். நடுவுல தும்மினியேய்யா, அந்தச் சளி இன்னும் என் காதுல இருக்குது!”

“சார், அது நீங்கதானா!” வஜ்ஜிரவேலு எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

புனிதவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். “இவரு வாயால எங்களுக்கு மூணு இடம் தட்டிப்போச்சு. அதனாலதான் வெத்தலையைத் திணிச்சுக் கூட்டினு வந்தேன்,” என்றாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள்.

“நீங்க இருமறதை நிறுத்துங்கண்ணே. தட்டை எடுத்தாரச் சொல்லுங்க, தாம்பூலம் மாத்திடலாம். இனிமே இவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கட்டும். நம்ம காதாவது பொழைக்கும்.”