பதில் சொல்லாத கரடு

சாத்தங்கரட்டைப் பெரிய மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிழக்கே வழுக்குப் பாறை, மேற்கே செம்மண் சரிவு. பாறையின் உச்சியில் கருப்பசாமி இருக்கிறார். சரிவின் அடிவாரத்தில் ஊர் இருக்கிறது. பாறையைத் தனக்கு எடுத்துக்கொண்டு மண்ணை நமக்கு விட்டுவிட்டார் பார் என்று ஊர்க்காரர்களே சாமியைக் கேலி பேசுவார்கள். கேலியெல்லாம் வெயில் காலத்தில்தான். மழை பிடித்துக்கொண்டால் ஆளாளுக்குத் தலையைத் தூக்கித் தூக்கிக் கரட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். விடிந்ததும் ஒருவர் தனியாகப் போய், களத்து மேட்டில் நின்று கரட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். கரடு திருப்பிக் குரல் கொடுத்தால் ஆடும் ஏறலாம், ஆளும் ஏறலாம். கொடுக்காத நாளில் ஏறியவன் உயிரோடு இறங்க மாட்டான் என்பது நம்பிக்கை. அன்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், வாசல்படி தாண்டக் கூடாது. குரல் கொடுப்பவர், கேட்டதைக் கேட்டபடி சொல்வேன் என்று உள்ளங்கையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவராக இருப்பார். பொய் சொன்னால் அவருக்கு ஊரில் இடமில்லை.

வெகுகாலம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இருளாண்டி. தொண்டை கட்டிக் குரல் போன பிறகு, மருமகள் குருவம்மாள் சத்தியம் செய்து ஏற்றுக்கொண்டாள். அவள் புருஷன் ஆட்டுக்கிடை போட வெளியூர் போனால் லேசில் திரும்ப மாட்டான். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். அவளைப் பெற்ற மகளாகவே அவர் வைத்திருந்தார், அதில் பொய்யில்லை.

அன்று ஐப்பசிப் படையல். ஊரே உச்சிக்கு ஏறிப் பொங்கல் வைக்கிற நாள். அடைமழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. குருவம்மாள் களத்து மேட்டில் நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல்லுக்குக்கூட ஒரு சத்தம் உண்டு, அதுவும் இல்லை.

அப்போதுதான் சரிவைக் கவனித்தாள். தெளிந்து ஓடும் ஊற்று செங்கல் பொடி கரைத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. நேற்றுவரை நேராக நின்ற பனைகள் ஊர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. அவள் பார்க்கும்போதே சரிவின் நடுவிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உச்சிக்குப் போகிற தடம் கெட்டிப் பாறை மேல்தான் போகிறது. ஆபத்து மேலே ஏறுகிறவர்களுக்கு இல்லை, கீழே இருக்கிறவர்களுக்குத்தான். கரடு பேசவில்லை என்று உண்மையைச் சொன்னால், பூசாரி அத்தனை பேரையும் அந்தச் சரிவுக்குக் கீழேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். மண் சரியப் போகிறது, ஓடுங்கள் என்று கத்தினாலும், பேசாத நாளில் எவரும் படி தாண்ட மாட்டார்கள்.

திரும்பினாள். வைக்கோல் படப்புக்குப் பின்னால் இருளாண்டி நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்ததுமே, அவரும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் கொட்டு மேளத்தோடு ஊர் வந்து சேர்ந்தது.

"என்ன தாயி, கரடு என்ன சொல்லுது?" என்று கேட்டார் பூசாரி சடையன்.

"பதில் சொல்லிருச்சுய்யா. நல்லாவே சொல்லிருச்சு. ஒரு ஆளு விடாம ஏறுங்க. கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கங்க."

இருளாண்டி எதுவும் பேசவில்லை. கூட்டம் நகர ஆரம்பித்ததும் அவள் பக்கத்தில் வந்து, "தாயி, நீ மட்டும் ஏறாத. காலு சுளுக்கிருச்சுன்னு சொல்லிட்டு வீட்டுல இரு" என்று காதோடு சொன்னார்.

அவள் பதில் சொல்வதற்குள் சடையன் வந்து நின்றுவிட்டார். "மாமனும் மருமகளும் என்ன ரகசியம்? கிளம்புங்க, கிளம்புங்க."

பூசாரி காதுபடக் காரணத்தைச் சொன்னால் ஊரே திரும்பிவிடும். "மாமா, உங்க கால்ல விழுகுறேன். வீட்டுல இருக்காதீங்க, மேல வாங்க" என்று குருவம்மாள் மாமனார் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். அவள் ஊரோடு மேலே ஏறினாள்.

உச்சியில் பொங்கல் பொங்கி வரும்போது பாறை அதிர்ந்தது. மேற்குச் சரிவு முழுவதும் அப்படியே கழன்று கீழே போனது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் ஊர் இருந்த இடத்தில் வெறும் செம்மண். ஒரு பிள்ளைக்குக்கூடக் காயமில்லை. இருளாண்டியை மட்டும் பிணமாகத் தோண்டி எடுத்தார்கள்.

குருவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "கரடு பேசலய்யா, நான்தான் பொய் சொன்னேன்" என்று கதறிவிட்டாள்.

சடையன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "சத்தியம் தப்பிட்ட. உன் பொய்யிலதான் கரடு விழுந்துச்சு. ஊருல உனக்கு இடமில்ல, போ." அவள் புருஷன் கிடை போட்டிருக்கும் திசையில் நடந்தாள். குடிக்கத் தண்ணீர்கூட ஒருவரும் தரவில்லை. மருமகளின் பொய்க்குப் பலியான உத்தமர் என்று இருளாண்டிக்குக் கல் நட்டு விளக்கு வைத்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொய் சொன்ன குருவம்மாள், பேசாமல் இருந்த இருளாண்டி, சத்தியத்தின்படி தீர்ப்புச் சொன்ன சடையன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: குருவம்மாள் செய்ததுதான் சரி. தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே ஊரைக் காப்பாற்றினாள். சடையன் பக்கம் வழக்கம் இருக்கிறது, ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல அவர் உயிரோடு இருந்ததே அவள் பொய்யால்தான். இருளாண்டிக்காக மனம் இரங்குகிறது, இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். பேசாத கரட்டில் ஏறியவர் இறங்க மாட்டார் என்று முழுக்க நம்பியவர் அவர். அப்படி நம்பிக்கொண்டே, ஊரார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருந்தார், தன் வீட்டுப் பெண்ணை மட்டும் தடுத்தார். அவர் நம்பியபடியே நடந்திருந்தால் ஏறியவர்களில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். கரடு பேசாதது மாமனாருக்கும் தெரியும் என்று குருவம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்லை ஊரார் நட்டிருக்கவே மாட்டார்கள். அவள் சொல்லாமலே போனாள்.