இரண்டு ஜமுக்காளம்

ஈரோட்டில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் கமலவேணி தியானம் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்பது. மகள் வயதுப் பெண்ணை ‘அம்மா’ என்று கூப்பிட்டு, அவள் எதிரில் காலை மடக்கி உட்கார அவர் கூச்சப்படவில்லை. அவ்வளவு அவசரம் அவருக்கு.

அவசரத்துக்குக் காரணம் பிட்காயின். தொலைபேசி இலாகாவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், மனைவியின் வைத்தியத்துக்குப் போனது போக மிஞ்சியதை அதில் போட்டிருந்தார். விலை ஏறினால் கோயில் மணி அடிக்கும்; இறங்கினால் குக்கர் விசில் அடிக்கும். கைப்பேசியில் அப்படி ஏற்பாடு. விசில் சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கும். நடுங்குகிற கையோடு விற்றுத் தொலைப்பார். மறுநாளே மணி அடிக்கும். வயிறு எரிய, கூடுதல் விலைக்கு மறுபடியும் வாங்குவார்.

“கை நடுங்காம இருக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. அது போதும் எனக்கு” என்றுதான் வந்து சேர்ந்தார்.

அவள் மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். வகுப்பில் ஒரே ஒரு விதிதான். உள்ளங்கைகளைத் திறந்து முழங்கால்மேல் வைக்க வேண்டும். கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. தணிகாசலம் விதியை மீறுகிற ஆள் இல்லை. கைப்பேசியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கமலவேணிக்கு அது தெரியும்.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் காலை வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் மட்டும் நின்றார். பரீட்சையில் தேறிய பிள்ளைபோல முகம் பூரித்திருந்தது.

“நேத்து விலை படுபாதாளத்துக்குப் போச்சுங்கம்மா. விசில் மேல விசில். கை நடுங்கவே இல்லீங்க. கண்ண மூடி உக்காந்துட்டேன்.”

“நல்லதுங்க. அப்புறம்?”

“அப்புறம்...” அவர் குரல் இறங்கியது. “சாயங்காலம் பொண்ணு ஒரு வீடியோ அனுப்புச்சுங்க. பேத்தி நடக்குது. நாலு அடி வெச்சுட்டு, பொத்துன்னு உக்காந்து, சிரிக்குது. அதப் பார்த்ததும் போன மூச்சு இன்னும் ஒரு நிலைக்கு வரலீங்க.”

“பொண்ணு எந்த ஊருங்க?”

“பவானிங்க.”

“பஸ் ஏறுனா அரை மணி நேரம். போய்ப் பார்த்துட்டு வாங்களே.”

“நான் பேத்திய இன்னும் நேர்ல பார்த்ததே இல்லீங்க” என்றார் தணிகாசலம்.

பேத்திக்குப் பதினாலு மாதம். தாய்வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவம், மகளுக்குத் தாய் இல்லாததால் மாமியார் பொறுப்பில் பவானியிலேயே நடந்தது. குழந்தை பிறந்த சேதியைப் போனில் சொன்ன சம்பந்தியம்மாள், “பேத்தியப் பார்க்க வாங்க. சீரெல்லாம் உங்க வசதி போல மெதுவாச் செஞ்சுக்கலாமுங்க” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த ‘வசதி போல’ தணிகாசலத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வெறுங்கையோடு அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினார். ஐந்து பவுனில் சங்கிலி, காப்பு, காலுக்குக் கொலுசு. அதற்குத்தான் பிட்காயின்.

தை மாதம் விலை அந்த அளவுக்கு ஏறவும் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், தங்கத்திலேயே அரைஞாணும் போட்டுவிடலாம் என்று இருந்தார். மாசியில் விசில் அடித்தது. அதற்குள் குழந்தை தவழ்ந்தாள், அவளுக்குப் பல் முளைத்தது, சுவரைப் பிடித்து நின்றாள், நடக்கவும் தொடங்கிவிட்டாள். எல்லாவற்றையும் தினமும் வீடியோ காலில், உள்ளங்கை அகலத் திரையில்தான் பார்த்தார். “நீங்க வந்தாப் போதும்பா” என்று மகள் சொல்லிச் சொல்லி, இப்போது அதையும் நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தையின் கனம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அவர் ஏங்கினார்.

“விலைக்கு அசையாம இருக்கப் பழகிட்டனுங்கம்மா. இந்த ஏக்கத்துக்கும் ஒரு பயிற்சி சொல்லுங்க. விலை ஏறுற வரைக்கும் நான் தாங்கோணும்.”

கமலவேணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“நாளைக்கு நான் பவானி போறனுங்க” என்றாள். “வகுப்புக்கு ஜமுக்காளம் வாங்கோணும். தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும். வாறீங்களா?”

குரு கேட்டு மறுப்பது எப்படி? “கடையோட திரும்பீரலாமுங்களா?” என்று மட்டும் இழுத்தார்.

“முதல்ல கடைக்குப் போவோமுங்க.”

மறுநாள் கடையில் அவள் பேரம்கூடப் பேசவில்லை. இருப்பதிலேயே பெரிய ஜமுக்காளமாக இரண்டு எடுத்தாள். சுருட்டிக் கட்டிய ஒன்றை அவருடைய வலது கையில் ஏற்றினாள், இன்னொன்றை இடது கையில். கல்யாணப் பந்தலுக்குச் சாமான் சுமக்கிறவர் கோலத்தில் தணிகாசலம் தெருவில் இறங்கினார். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கக் கை இல்லை.

“உங்க பொண்ணு வீடு எந்தத் தெருங்க?”

“அம்மா, வேண்டாங்க.”

“தெருவத்தானுங்க கேட்டேன்.”

“அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட. ரெண்டாவது வீடு.” வீடு வரைக்கும் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் வேப்பமரத்தைத் தாண்டித் திரும்பினாள்.

“பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கமுங்க!”

அவள் நிற்கவில்லை. வகுப்புக்கு வாங்கிய சாமானைக் கீழே போட்டுவிட்டு ஓடவும் முடியாது. அவர் பின்னாலேயே போனார். உள்ளதைச் சொன்னால், அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன.

இரண்டாவது வீட்டின் கேட் ஒருக்களித்திருந்தது. வாசலில் ஒரு சிறுபெண் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தினமும் திரையில் பார்க்கிற முகம் இவ்வளவு பெரிதாக வந்து நிற்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, டம்ளரை விட்டுவிட்டு எழுந்தாள். நாலு அடி. ஐந்து. ஆறாவது அடியில் தடுமாறித் தணிகாசலத்தின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

“ஊக்கு” என்றாள். ‘தூக்கு’ என்பது அவள் வாயில் அப்படித்தான் வந்தது.

சத்தம் கேட்டு மகள் தாரிணி ஈரக் கையோடு வெளியே வந்தாள். “அப்பா...” என்றாள்.

“அம்மா, இதக் கொஞ்சம் பிடிங்க” என்றார் தணிகாசலம்.

கமலவேணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“புது ஜமுக்காளமுங்க. மண்ணாயிருமுங்க.”

அவள் வேப்பமரத்தை வேடிக்கை பார்த்தாள்.

“ஊக்கு” என்றாள் குழந்தை மறுபடியும். உதடு பிதுங்கத் தொடங்கியது.

இரண்டு ஜமுக்காளமும் தொப்பென்று புழுதியில் விழுந்தன. அதே நேரம் சட்டைப்பையில் கைப்பேசி சத்தம் போட்டது. மணியா விசிலா என்பது அவர் காதில் விழவில்லை. குனிந்து கைகளை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். சங்கிலி இல்லை, காப்பு இல்லை, கொலுசு இல்லை. எந்த விசிலுக்கும் அப்படி நடுங்கியதில்லை, இப்போது இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்று மாதப் பயிற்சி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

“நடுங்குதுங்கம்மா” என்றார், கண்கள் நிறைய. “வெறுங்கையோட வந்துட்டனுங்களே.”

“கொழந்தையத் தூக்கறதுக்கு வெறுங்கைதானுங்க வேணும்” என்றாள் கமலவேணி. “நடுங்குனா நடுங்கட்டும்.”