தாணுமாலயனின் இருமல்

"மறதிக்கு மருந்து உண்டா, ஆசானே?" என்று தாணுமாலயன் கேட்டார்.

"யாருடைய மறதிக்கு?"

"பூதலிங்கத்தின் மறதிக்கு."

"உண்டு என்றுதான் ஏடுகள் சொல்கின்றன," என்றார் வேலப்பன் ஆசான். "பாதி ஏடுகளைச் செல் அரித்துவிட்டது. மீதியை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை."

தாணுமாலயன் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. முற்றத்தில் கிடந்த, எண்ணெய் காய்ச்சும் உருளியின் உள்ளடியில் கரி ஒட்டியிருந்தது. உள்ளே கால் முறிந்து கிடந்த கொத்தனார் சுடலை முனகிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்து, அதைக் கற்றும் கொடுக்கும் வைத்தியசாலை அது. ஞானக் கதை என்றால் நரைத்த தாடி குருவுக்கு இருக்க வேண்டும் என்பது மரபு. இங்கே அது சீடரிடம் இருந்தது. ஆசானுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. தாணுமாலயன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெரிய கோயில் ஒன்றில் நாழிகை மணி அடித்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவர் அடித்த மணிக்கு ஊர் எழுந்தது, உலை வைத்தது, கடை சாத்தியது. மனைவி போனபின், இனியாவது எதையேனும் கற்போம் என்று இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த சில நாட்களிலேயே ஆசான் அவரை அளந்துவிட்டார்.

"மருந்தை நான் சொல்லித் தருகிறேன்," என்றார். "இந்த மாணவர்களுக்கு நேரத்தை நீர் சொல்லிக் கொடும்."

தாணுமாலயன் அந்த வேலையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். எந்த வேலைக்குப்பின் எந்த வேலை என்ற வரிசையிலேயே பாத்திரங்களைச் சுவரோரம் அடுக்க வைத்தார். ஒன்றை முடித்துக் கழுவிக் கவிழ்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்றார். பெரிய வேலையை மூன்று சின்ன வேலைகளாக வெட்டிக்கொள்ளச் சொன்னார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு தேறினார்கள். ஒருவனைத் தவிர.

பூதலிங்கத்தின் விரல்களைப் பற்றிச் சாலையில் ஒரு பேச்சு இருந்தது. வீங்கிய காலின்மேல் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தான் என்றால் எலும்பு எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆசானே ஒருமுறை தான் கட்டிய கட்டை அவிழ்த்து அவன் சொன்னபடி கட்டினார். ஆனால் அவன் தொடங்காத வேலை கிடையாது; முடித்த வேலையைப் பார்த்தவரும் கிடையாது. தண்ணீர் இறைக்கப் போவான், வழியில் அறுந்த கயிற்றைக் கண்டு அதைத் திரிக்க உட்காருவான், திரிக்கும்போது ஆட்டுக்குத் தழை வைக்கவில்லை என்பது நினைவு வரும். வாளி கிணற்றுக்குள் கிடக்கும்.

அவனுடைய ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அங்கே யாருக்குக் கால் முறிந்தாலும் தூளி கட்டி இறக்கிக் கொண்டுவர வேண்டும். அவன் அப்பாவுக்கு உள்ளூரில் யாரோ தப்பாகக் கட்டிவிட, அந்தக் காலை இழுத்துக்கொண்டே அவர் செத்துப்போனார். பூதலிங்கம் முப்பது வயதில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு இங்கே வந்தது அதற்காகத்தான். சாலையிலோ ஒரு விதி உண்டு. முறிவெண்ணெயைத் தனியாகக் காய்ச்சி இறக்கத் தெரியாதவர் இந்தச் சாலையின் பெயரைச் சொல்லி ஒரு விரலைக்கூடக் கட்டக் கூடாது.

முறிவெண்ணெய் பொறுமையைச் சோதிப்பது. கஷாயமும் எண்ணெயும் அரைத்த மருந்தும் சேர்ந்து காலையிலிருந்து கொதிக்கும். அடியில் தங்கும் மருந்துக் கசடைச் சட்டுவக் கரண்டியில் எடுத்து விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். முதலில் சேறுபோல ஒட்டும். பிறகு மெழுகுபோல உருளும். அதுதான் பதம். அதை விட்டால் மணலாகும், மணலை விட்டால் கரி. மெழுகுக்கும் கரிக்கும் நடுவே ஒருவன் கிணற்றடிக்குப் போய்த் திரும்பலாம். பூதலிங்கம் போவான், திரும்புவதில்தான் சிக்கல்.

தாணுமாலயன் கையில் அவன் வந்தபின் எண்ணெய் கரியவே இல்லை. மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு உருளியும் சொல்லிவைத்தாற்போல மெழுகுப் பதத்தில் இறங்கியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். தாணுமாலயனும் தாடியைத் தடவிக்கொண்டார்.

பிறகு தங்கை மகள் கல்யாணத்துக்காக அவர் ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது வாசலிலேயே கரிந்த வாசம் சொல்லிவிட்டது.

ஆசான் பூதலிங்கத்தைத் திட்டவில்லை. கேட்க மட்டும் செய்தார்.

"எண்ணெய் ஏன் கரிந்தது?"

பூதலிங்கம் ஒளிவு மறைவு இல்லாதவன். "அண்ணாச்சி ஊர்ல இல்ல, ஆசான்," என்றான்.

சாரத்திலிருந்து விழுந்து தொடை முறிந்த கொத்தனாருக்காகக் காய்ச்சிய எண்ணெய் அது. பழைய எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. அன்று அவருக்குக் கட்டு மாற்ற முடியவில்லை.

அந்த மாலையில்தான் தாணுமாலயன் மறதிக்கு மருந்து கேட்டது.

"அண்ணாச்சி," என்றார் ஆசான். "அவன் எண்ணெய் காய்ச்சும்போது நீர் எங்கே இருப்பீர்?"

"கொட்டகைக்கு வெளியே."

"என்ன செய்வீர்?"

தாணுமாலயன் தாடியைச் சொறிந்தார். "இருமுவேன்," என்றார்.

"எப்போது?"

"மெழுகுப் பதத்தில்."

"வெளியிலிருந்து எப்படித் தெரியும்?"

"கொதிக்கிற சத்தம் மாறும், ஆசானே. வாழ்நாள் முழுக்க நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காது."

"நல்ல காது," என்றார் ஆசான். "எதற்காக இருமினீர்?"

"அவன் தோற்கக் கூடாது என்று."

"யார்?"

"பூதலிங்கம்."

"வேறு யார்?"

தாணுமாலயன் கரி ஒட்டிய உருளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒருமுறை காய்ச்ச எண்ணெய் இருக்கிறது," என்றார் ஆசான். "அதை இரண்டு உருளியில் பங்கு போடுவோம். நாளை காலையில் ஒன்றை அவன் வைக்கட்டும். இன்னொன்றை நீர் வையும். ஒரே கொட்டகை, பக்கத்துப் பக்கத்து அடுப்பு. ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது."

"இருமல்?"

"வந்தால் விழுங்கிவிடும்."

"அவன் கரிய விட்டால்?"

"ஊருக்குப் போகட்டும்."

"அவன் கையை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், ஆசானே. அந்தக் கை மலைக்கு அந்தப் பக்கம் விறகு வெட்டவா?"

"எண்ணெய் காய்ச்சத் தெரியாத கை," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆசான் கொத்தனாரிடம் போனார்.

மறுநாள் காலை இரண்டு அடுப்பும் எரிந்தன. பூதலிங்கம் தன் உருளியை வைத்துவிட்டு ஒரு காரியம் செய்தான். இடுப்பில் கட்டியிருந்த துண்டின் நீண்ட முனையை அடுப்பின் பக்கத்திலிருந்த கொட்டகைத் தூணில் இறுக்கி முடிந்தான். தொழுவத்தில் மாட்டைக் கட்டுவதுபோல இருந்தது. தாணுமாலயனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இப்படி ஒரு அலங்கோலத்தை அவர் யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. பேசக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தார்.

வெயில் ஏறியது. வாசலில் மாட்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது, யாரையோ இறக்குகிறார்கள். பூதலிங்கம் விருட்டென்று எழுந்தான். துண்டு அவனைப் பின்னால் இழுத்தது. யார் கட்டினார்கள் என்பதுபோல முடிச்சைப் பார்த்தான். பிறகு உருளியைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

சற்று நேரத்தில் விறகுக்காக எழுந்தான். துண்டு இழுத்தது. உட்கார்ந்தான். ஆடு கத்தியது. பாதி எழுந்தான்; துண்டு இறுகுவதற்குமுன் தானே உட்கார்ந்துவிட்டான்.

தாணுமாலயன் கண்கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய உருளியின் சத்தம் தணிவது அவருக்குக் கேட்டது. இதோ வருகிறது. இப்போது எடுத்து உருட்ட வேண்டும். அவனோ சட்டுவத்தைத் தொடாமல் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாணுமாலயனின் தொண்டையில் இருமல் முட்டியது. தோளில் கிடந்த தன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது.

பூதலிங்கம் கசடை எடுத்து உருட்டினான். அவசரப்பட்டு உருளியை இறக்கினான். திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினான். திரி படபடவென்று பொரிந்தது. இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். தாணுமாலயனுக்கு உயிர் போய்விட்டது. இறக்கிய உருளியை மறுபடி ஏற்றினால் பதம் தாவிவிடும். கைதேர்ந்தவர்களே தவறவிடும் இடம் அது.

பூதலிங்கம் உருளியை அடுப்பில் ஏற்றினான். இரண்டு கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தான். சட்டுவத்தைக் கீழே வைக்கவே இல்லை. எடுத்தான், உருட்டினான். எடுத்தான், உருட்டினான். முறிந்த காலைத் தொடும்போது செய்வதுபோல இப்போது கண்ணை மூடியிருந்தான்.

பிறகு இறக்கினான். திரியைக் கொளுத்தினான். அது சத்தமில்லாமல் எரிந்தது.

தாணுமாலயன் வாயிலிருந்து துண்டை எடுத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். இழுத்த மூச்சில் கரிந்த வாசம் வந்தது. பூதலிங்கத்தின் உருளியைப் பார்த்தார். அது தரையில் இருந்தது. அதில் புகை இல்லை.

புகை அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆசான் வந்தார். கரிந்த உருளியை எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மற்றதில் விரலைத் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தார்.

"கொத்தனாருக்கு எடுத்துக்கொண்டு போ," என்றார். "கட்டை நீயே மாற்று. கட்டி முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பு."

பூதலிங்கத்தின் முகம் வெளுத்தது. "தோத்துட்டேனா, ஆசான்?"

"உன் ஊரில் ஆட்களுக்குக் கால் முறிவதில்லையா?"

பூதலிங்கம் அப்படியே தரையில் விழுந்து கும்பிடப் போனான். துண்டு விடவில்லை. தூணிலிருந்து அவிழ்த்துவிட்டு வந்து விழுந்தான். எழுந்து தாணுமாலயனின் காலையும் தொட்டான்.

"லே பூதம்," என்றார் தாணுமாலயன். "என் எண்ணெய் கரிஞ்சது உன் மூக்குக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது, அண்ணாச்சி. பேசக் கூடாதுன்னு ஆசான் சொல்லியிருந்தாரே. இருமலாமான்னு யோசிச்சேன். அப்பதான் நம்ம கசடு உருள ஆரம்பிச்சுது."

தாணுமாலயன் கொட்டகைத் தூணைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிச்சு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாருமில்ல. நேத்து நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்கல்லா? கரிஞ்ச வாசம் வந்தப்போ நான் எங்க நின்னேன் தெரியுமா? ஆட்டுப்பட்டியில. விறகெடுக்கப் போனவன் அங்க எப்படிப் போனேன்னு எனக்கே தெரியல. கொத்தனார் ராத்திரி பூரா முனகினாரு. நான் தூங்கல. நினைவு வச்சுக்கணும்னு நினைச்சா நடக்காது, நமக்கு அது வராதுன்னு அப்பதான் பட்டுச்சு. கால் போயிருச்சுன்னா மனசு பின்னாலயே போயிருது. அதான் காலைக் கட்டிட்டேன்."

சொல்லிவிட்டு அவன் உருளியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வழியில் ஆடு கத்தியது. அவன் திரும்பிப் பார்த்தான், நிற்கவில்லை. சற்று நேரத்தில் கொத்தனாரின் அலறல் கேட்டது. அப்புறம் முனகலும் நின்றது.

தாணுமாலயன் கரிந்த உருளியில் சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க உட்கார்ந்தார். ஆசான் எதிரில் வந்து அமர்ந்து உருளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் வள்ளியூரிலிருந்து ஒருத்தர் படிக்க வருகிறார்," என்றார் தாணுமாலயன் தேய்த்தபடியே. "கை நல்ல கையாம். ஆனால் எதையும் எங்கே வைத்தோம் என்பது நினைவில் நிற்காதாம்."

"சொன்னார்கள்."

"அவருக்கு நான் எதிலிருந்து தொடங்கட்டும், ஆசானே?"

"செக்குக்காரரிடம் ஆள் அனுப்பும். புதிதாக வருகிறவர் பங்குக்கு இரண்டு படி எண்ணெய் கூடுதலாக வாங்கி வையும்."

"எதற்கு?"

ஆசான் உருளியைத் திருப்பினார். அந்தப் பக்கம் கரி அப்படியே இருந்தது.

"கரிவதற்கு," என்றார்.